பாவசங்கீர்த்தனமா, பொது அறிக்கையா?

எங்கள் வீட்டில் அம்மா கத்தோலிக்கர், அப்பா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை. வேலூரில் இது அதிசயம் இல்லை. மனிதன் பாவி, தன் முயற்சியால் மட்டும் கரையேற முடியாது, கிறிஸ்துவின் சிலுவையே மீட்பு என்பதில் இருவருக்கும் சண்டையே கிடையாது. எல்லாரும் பாவம் செய்தார்கள் என்ற பைபிள் வசனத்தை அப்பா ரோமர் 3:23 என்பார், அம்மா உரோமையர் 3:23 என்பார், அவ்வளவுதான். மன்னிப்பைப் பெறும் வழியில்தான் பாதை பிரிகிறது.

அப்பாவோடு போனால் சபையே சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும். ஆயர் பாவமன்னிப்பை அறிவிப்பார். இரண்டு நிமிடம். கடவுளிடம் சொல்லியாயிற்று, நடுவில் ஆள் எதற்கு என்பது அப்பாவின் கட்சி.

அம்மாவின் வழி பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியாகப் பாவங்களைச் சொல்வது. அது கடினம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, வெயில் ஏறும் முன்பே கோயிலுக்கு வந்து வரிசையில் நிற்பார். குருவுக்கும் நமக்கும் நடுவே சின்னத் துளைகள் போட்ட மரத்தட்டி, முழங்காலில் குத்தும் பலகை. சாவான பாவம், அதாவது தெரிந்தே செய்த பெரிய பாவம் என்றால் வகை, எண்ணிக்கை இரண்டையும் சொல்ல வேண்டும். குரு அதை வெளியே சொல்லவே கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது என்பது 1215-இல் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடு வைத்த விதி. மன்னிப்பவர் கடவுள்தான், குரு அவர் பேரில் பேசுகிறார் என்பார் அம்மா.

எனக்கு? பொது அறிக்கையில் வாய் சொல்லும், மனம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடும். தட்டியின் முன்னால் நான் சொன்ன பொய்யை என் குரலிலேயே கேட்க வேண்டியிருந்தது, வியர்த்துவிட்டது. ஆனால் எண்ணி எண்ணிச் சொல்வதில் மனம் கணக்கு நோட்டாகிவிடும் ஆபத்தும் உண்டு. அங்கே அப்பா சொல்வது நியாயம்.

சரி, இந்தத் தவக்காலத்திலும் அம்மாவோடு வரிசையில் நிற்பேன். அப்பா வெளியே ஸ்கூட்டரில் காத்திருப்பார்.