ஒளிப்பெருக்கிக் குழாயா, அவலாஞ்சி டயோடா?

லேசர் டாப்ளர் முறையில் துகள்களின் வேகத்தை அளக்கும் கருவிக்கு எந்த ஒளி உணரி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: ஒளிப்பெருக்கிக் குழாயா (photomultiplier, வெற்றிடக் குழாய்), அவலாஞ்சி டயோடா (avalanche photodiode, குறைகடத்தி உணரி)?

பெருக்கம் (ஒளியால் வரும் மின்சிக்னலை உணரியே பெரிதாக்கும் அளவு): குழாயில் சுமார் 10 லட்சம் மடங்கு, சிலிக்கான் டயோடில் 100 மடங்கு அளவே.

மின்னழுத்தம்: குழாய்க்கு 1,000 வோல்ட் வரை, அது 1% கூடினாலே பெருக்கம் 7% போல ஏறிவிடும். டயோடுக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 வோல்ட் போதும். ஆனால் வெப்பநிலை மாறினால் பெருக்கமும் மாறும், ஈடுசெய்யும் சுற்று கட்டாயம்.

நிறம்: நீலம், பச்சை லேசருக்குக் குழாய் சரி. சிவப்பில் சாதாரணக் குழாய் சுணங்கும், டயோடு முந்தும்.

தாங்கும் திறன்: மின்னழுத்தம் இருக்கும்போது அறை வெளிச்சம் பட்டால் குழாய் போச்சு.

டயோடை எடுப்பவர்கள் சறுக்குவது, டயோடின் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் பெருக்கிச் சுற்றில். இரு லேசர் கதிர்கள் குறுக்கிடும் இடத்தில் உருவாகும் ஒளிப்பட்டைகளின் இடைவெளி 4 மைக்ரான், அவற்றைக் கடக்கும் துகளின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்றால் சிக்னல் 2.5 மெகாஹெர்ட்ஸ். 1 மெகாஓம் பின்னூட்ட மின்தடையோடு வெறும் 0.1 பிகோஃபாரட் மின்தேக்கம் ஒட்டிக்கொண்டாலே 1.6 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் சரிந்துவிடும். 100 கிலோஓம் போடுங்கள். இரைச்சல் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே, பின்சிதறலில் (லேசர் வந்த பக்கமே திரும்பும் ஒளியில்) வருவது சொற்பம் என்றால் குழாய். முன்சிதறல் (லேசர் போகும் திசையில் சிதறும் ஒளி) தாராளமாகக் கிடைத்தாலோ, கருவி கைக்கடக்கமாக இருக்க வேண்டுமென்றாலோ டயோடு.