குன்னூரில் வாங்கிய ‘விதைப்பவன்’

குன்னூரில் ஃபிரேம் போடும் ஒரு கடையில் ஓவியர் வான்கோவின் ‘விதைப்பவன்’ கான்வாஸ் பிரதி வாங்கினேன். 1888 ஜூனில், பிரான்ஸின் ஆர்ல் ஊரில் இருந்தபோது அவர் வரைந்தது. அசல் நெதர்லாந்தில் குரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 64க்கு 80.5 செ.மீ. நான் வாங்கியது 24க்கு 30 அங்குலம், கிட்டத்தட்ட அதே அளவு. விலை 2,400 ரூபாய்.

நிறம் அருமையாக வந்திருக்கிறது. உழுத மண்ணில் ஊதாவும் நீலமும், மேலே மஞ்சள் வானம். மலிவான பிரதிகளில் இந்த ஊதா செத்துச் சாம்பலாகிவிடும். இதில் உயிரோடு இருக்கிறது.

குறை மேலே பூசிய ஜெல்லில். பிரஷ் தீற்றல் மாதிரி மேடுபள்ளம் தெரியவாம், ‘பிரஷ் டெக்ஸ்சர்’ என்று 600 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தால், ஜெல் வரிகள் படம் முழுக்கப் படுக்கைவசமாகவே ஓடுகின்றன. வான்கோ சாயத்தைக் குழம்பாக அப்பி, பிரஷ் போன திசையை அப்படியே விட்டவர். சூரியனைச் சுற்றித் தீற்றல்கள் கதிராக விரியும். அடிவானத்துக் கோதுமை நெட்டுக்குத்தாக நிற்கும். கீழே மண், கொத்திப் புரட்டிய கட்டி மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக் கிடக்கும். குன்னூர் பக்கத்துக் கேத்தியில் உருளைக்கிழங்குக்கு நிலம் கொத்தியவர்களுக்கு அந்த மண்ணைப் பார்த்ததும் தெரியும். அத்தனை திசையும் ஜெல்லுக்கு அடியில் அமுங்கிப்போனதில் எனக்கு மனசே ஆறவில்லை.

அம்மாவின் கண் நேரே அந்த ஆளின் கைக்குத்தான் போனது. “நாங்களும் ராகியை இப்படித்தான் வீசி விதைப்போம். காலும் கையும் சேர்ந்து போகணும். இல்லேன்னா ஒரு இடம் அடர்ந்துடும், ஒரு இடம் வெறிச்சுனு கிடக்கும்” என்றார். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850இல் வரைந்த விதைப்பவனிடமிருந்து வான்கோ எடுத்துக்கொண்டதும் அந்த வீச்சு நடையைத்தான்.

மறுநாள் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். முகம் சுளிக்காமல் ஜெல் பூசாத பிரதியை மாற்றித் தந்து, 600 ரூபாயையும் கொடுத்துவிட்டார்கள். வாங்குவதென்றால் அதையே கேளுங்கள். அப்புறம், பின்னால் வைக்கும் அட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆடி மழையில் இங்கே பூஞ்சை பிடித்துவிடும். நான் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி, அடுப்படியை ஒட்டிய உள்சுவரில் மாட்டியிருக்கிறேன்.