தொடரா எழுதலாமா, முழுசா முடிச்சிட்டு புக்கா போடலாமா? நாவல் எழுதப் போறவங்களுக்கு ஒரு அலசல்

முதல் நாவல் எழுத உக்கார்ற எல்லாருக்கும் வர்ற குழப்பம்தான். வாரா வாரம் ஏதாவது ஆப்லயோ ஃபேஸ்புக்லயோ ஒரு அத்தியாயம் போட்டுட்டே எழுதிடலாமா, இல்ல மூச்சு விடாம முழுசையும் எழுதி முடிச்சு அப்புறமா பதிப்பகத்த தேடிப் போலாமா. தமிழ்ல இது ஒண்ணும் புது சண்டை இல்ல. நம்ம முதல் நாவல்னு சொல்ற வேதநாயகம் பிள்ளையோட பிரதாப முதலியார் சரித்திரம் 1879ல நேரா புத்தகமா வந்துச்சு, அதுக்கு அடுத்து பெருசா பேசப்படுற ராஜம் அய்யரோட கமலாம்பாள் சரித்திரம் 1893லேர்ந்து விவேக சிந்தாமணி பத்திரிகைல தொடரா வந்துச்சு. ஆரம்பமே ரெண்டு பாதைதான்.

தொடர் பக்கத்துல இருக்கிற பெரிய லாபம் என்னன்னா, நாவல் முடியும். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பாதில நின்ன நாவல் வச்சிருக்கிறவங்கள கேட்டுப் பாருங்க. முதல் அஞ்சாறு அத்தியாயம் யாரா இருந்தாலும் ஜோரா ஓடும், கேரக்டர் எல்லாம் புதுசு, ஊரு புதுசு, நமக்கே அடுத்து என்னன்னு ஆர்வமா இருக்கும். நடுவுலதான் வண்டி மக்கர் பண்ணும், ஆரம்பிச்ச காரணமும் மறந்து போயிருக்கும் முடிவும் கண்ணுக்குத் தெரியாது, அந்த எடத்துல வெள்ளிக்கிழமை அத்தியாயம் எங்கன்னு நாலு பேர் கேட்டா மனுஷன் எப்படியாவது எழுதிடுவான். ஜெயமோகன் மகாபாரதத்த நாவல் வரிசையா எழுதின வெண்முரச 2014 ஜனவரி 1ஆம் தேதி தன்னோட இணையதளத்துல ஆரம்பிச்சு தினமும் ஒரு அத்தியாயம்னு போட்டு 2020 ஜூலைல முடிச்சார், மொத்தம் 26 நாவல். அந்த உழைப்பு நம்மளால முடியுமாங்கிறது வேற விஷயம், ஆனா தினசரி கெடுன்னு ஒண்ணு இல்லாம அது நடந்திருக்கும்னு எனக்குத் தோணல.

சரி, அதுக்கு நாம குடுக்கிற விலை என்ன? பின்னாடி போக முடியாது, அதுதான். நாலாவது அத்தியாயத்துல அப்பாவ சாகடிச்சிட்டீங்க, இருபத்திரெண்டாவதுல அவர் உயிரோட இருந்தாதான் கதை நிக்கும்னு புரியுது, என்ன பண்ணுவீங்க? புக்கா எழுதுறவன் சத்தமில்லாம நாலாவதுக்குப் போய் அப்பாவ எழுப்பி உக்கார வச்சிடுவான். தொடர்காரன் சித்தப்பான்னு ஒருத்தர புதுசா ஊர்லேர்ந்து வரவழைக்கணும். பழைய பத்திரிகை நாவல்கள்ல திடீர்னு பாதில முளைக்கிற சித்தப்பா, காணாமப் போற தங்கச்சி, ரெண்டு எடத்துல ரெண்டு வயசு சொல்ற ஹீரோ, இதுல பாதிக்கு மேல இந்த வியாதிதான்.

பெரியவங்களுக்கும் இதுல விதிவிலக்கு கிடையாது. பொன்னியின் செல்வன் 1950லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல வந்துச்சு, இன்னிக்கும் தமிழ்ல இத்தனை பேர் படிக்கிற நாவல் வேற எதுவும் உடனே ஞாபகத்துக்கு வரல, ஆனா அதோட கடைசில ஒரு முடிவுரை இருக்கும் பாத்திருப்பீங்க. திடுதிப்புன்னு முடிஞ்சிட்டதா நினைச்ச வாசகர்களுக்காக அந்தந்த கேரக்டருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு ஆசிரியரே வந்து கணக்கு சொல்லிட்டுப் போவார். எனக்கு அந்த முடிவுரை ரொம்பப் பிடிக்கும், ஆனா தனியா உக்காந்து புக்கா எழுதியிருந்தா அது தேவைப்பட்டிருக்குமான்னு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு.

அப்புறம் வெளியிலேர்ந்து வர்ற கை. சுஜாதா குமுதத்துல ஒரு சரித்திரத் தொடர் ஆரம்பிச்சு எதிர்ப்பு வந்ததால அது நின்னு போச்சு, பின்னாடி ரத்தம் ஒரே நிறம்னு வேற பேர்ல மாத்தி எழுதினார். புக்குக்கும் எதிர்ப்பு வரும்தான், ஆனா எழுதிட்டு இருக்கும்போதே வர்றதில்ல. இப்ப ஆப்ல எழுதுறவங்களுக்கு எதிர்ப்ப விட ஆபத்து அன்புதான். ஹீரோயின அழ வைக்காதீங்க சிஸ், அந்த டாக்டர் கூடவே சேத்து வச்சிருங்கன்னு கமெண்ட் வந்து குவியும், நீங்க என்னதான் உறுதியா இருந்தாலும் மூணாவது வாரம் அந்த டாக்டருக்கு ரெண்டு சீன் கூட எழுதியிருப்பீங்க.

தொடருக்குன்னு ஒரு உடம்பு அமைப்பும் இருக்கு. ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டுற சத்தத்துல முடியணும், அடுத்த அத்தியாயம் போன வாரம் நடந்தத நாசூக்கா ஞாபகப்படுத்தணும். வாரம் ஒண்ணா படிக்கும்போது இது சுகம். அதையே ஒரே மூச்சுல புக்கா படிச்சா நாப்பது தடவை கதவு தட்டுறாங்க, திறந்து பாத்தா முக்காவாசி தடவை பால்காரன்.

முழுசா எழுதுற பக்கம் சொர்க்கமான்னா அதுவும் இல்ல. யாரும் காத்துக்கிட்டு இல்லாததால முதல் அத்தியாயத்தையே வருஷக்கணக்கா இழைச்சிட்டு இருக்கலாம், தகவல் சேக்கிறேன்னு சொல்லிட்டு எழுதாமலே இருக்கலாம், ரெண்டுக்கும் வீட்ல நல்ல பேர்தான் கிடைக்கும். ஆனா சில நாவலுக்கு வேற வழியே கிடையாது. பூமணியோட அஞ்ஞாடி 2012ல வந்துச்சு, ஆயிரம் பக்கத்துக்கு மேல, 1895ல கழுகுமலைல நடந்த சாதிக் கலவரம் உள்பட பல தலைமுறை கதை, கோர்ட் ஆவணமெல்லாம் தேடிப் படிச்சு எழுதினது. அப்படி ஒண்ண பாதி தகவல் கையில இருக்கும்போதே வாரா வாரம் வெளியிட்டா அடுத்த மாசம் கிடைக்கிற ஒரு காகிதம் போன மாச அத்தியாயத்தையே பொய்யாக்கிடும். ஒரே சம்பவத்த நாலு பேர் நாலு விதமா சொல்ற கதை, டைரி மாதிரி துண்டு துண்டா போற கதை, சொல்றவனே பொய் சொல்ற கதை, இதெல்லாமும் அப்படித்தான், நூறாவது பக்கத்துல நீங்க கண்டுபிடிக்கிற ஒரு விஷயத்துக்காக ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி மாத்தியே ஆகணும்.

இன்னொண்ணு, புக்குக்கு கெடு இல்லைன்னு நினைச்சா ஏமாந்துருவீங்க. நம்ம பதிப்பு உலகம் ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சிய வச்சுத்தான் சுத்துது. நவம்பர் டிசம்பர்ல அவசர அவசரமா ப்ரூஃப் பாத்து, கடைசி நாப்பது பக்கம் மட்டும் ஓட்டமா ஓடுற நாவல்கள நீங்களும் படிச்சிருப்பீங்க. வருஷக்கணக்கா பொறுத்தவன் கடைசி மாசத்துல கோட்டை விடுறதப் பாக்க வயித்தெரிச்சலா இருக்கும்.

காசு பத்தி ரெண்டு வரி போதும்: ரெண்டுலயும் பெருசா இல்ல. ஆப்ல தொடர்ந்து எழுதி நிறைய ஃபாலோயர் வச்சிருந்தா மாசாமாசம் கொஞ்சம் வரலாம், இலக்கிய நாவல் எழுதி ராயல்டில வீடு கட்டினவங்கள நான் பாத்ததில்ல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவது ஒரு வழி இருக்கு, இங்க அதிகமா யாரும் பேசுறதில்ல. இங்கிலாந்துல ஆந்தனி ட்ரோலப்னு ஒரு எழுத்தாளர், தபால் துறைல வேலை பாத்துக்கிட்டே காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு கடிகாரத்த முன்னாடி வச்சுக்கிட்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு எழுதினவர், எழுப்பி விடுறதுக்காகவே வேலைக்காரருக்கு வருஷத்துக்கு அஞ்சு பவுண்ட் கூடுதலா குடுத்தாராம். 1860ல ஒரு பத்திரிகைக்காக, எழுதி முடிக்காத நாவல தொடரா விட வேண்டிய நிலைமை வந்துச்சு. நல்ல பேரும் வாங்கிக் குடுத்துச்சு, ஆனாலும் அவருக்கு அது உறுத்தல். ஆரம்பத்த முடிவுக்கு ஏத்த மாதிரி திருத்திக்கிற உரிமை எழுதுறவன் கையில இருக்கணும்னு சுயசரிதைல சொல்லியிருக்கார். பெரும்பாலும் அவர் பண்ணது, முழுசா முடிச்சு வச்சுட்டு அப்புறம் தொடரா விடுறது.

அதே காலத்து டிக்கன்ஸ் நேர் எதிர். 1860ல வேற ஒருத்தர் எழுதின தொடர் எடுபடாம தன்னோட வாரப் பத்திரிகை விற்பனை சரியுதுன்னதும், மாசப் பகுதியா விட நினைச்ச கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ வாரத் தொடரா இறக்கி விட்டார், கடைசில அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நண்பர் சொன்னாருன்னு முடிவையே மாத்தினார். ஆனா அவரே பல நாவலுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தாள்ல என்ன வரணும் என்ன வரக்கூடாதுன்னு குறிப்பு போட்டு வச்சுத்தான் எழுதினார், நம்மாளுங்க அத விட்டுட்டு வேகத்த மட்டும் எடுத்துக்கிறாங்க.

என்னோட கட்சி ட்ரோலப் கட்சிதான். கொலை, துப்பறியிறது, குடும்பக் கதைன்னா நேரடியா தொடரா போங்க, வாசகர் துடிப்பு அந்தக் கதைக்கே சத்து. மத்தபடி முதல் நாவலா இருந்தா தொடரோட கெடுவ மட்டும் கடன் வாங்குங்க, வெளியீட்ட வேண்டாம். முகத்துக்கு நேரா மொக்கைன்னு சொல்லக்கூடிய ரெண்டு பேர பிடிச்சு வாரம் ஒரு அத்தியாயம் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, தவறினா டீ வாங்கித் தரணும்னு பந்தயம் கூட கட்டிக்கலாம். கேரக்டர் பேரு, வயசு, எந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு ஒரு நோட்டு தனியா வச்சுக்கோங்க. கடைசி அத்தியாயம் எழுதினதும் ஒரு மாசம் தொடாம வச்சிருந்து, அப்புறம் முதல் அத்தியாயத்த திரும்ப எழுதுங்க, அதுக்கு அப்புறம் ஆப்ல வாரா வாரம் விட்டாலும் சரி பதிப்பகத்துக்கு அனுப்பினாலும் சரி, டாக்டர் ரசிகர் மன்றம் என்ன கமெண்ட் போட்டாலும் உங்க கை நடுங்காது.