தனிமையில் தும்மும் செவ்வந்தி: கிரியேச்சர்ஸ் விளையாட்டும் அதன் சடுதி மாற்றங்களும்

கணினியில் செல்லப்பிராணி வளர்க்கும் விளையாட்டுகள் பலவற்றில் பிராணி என்று உள்ளே எதுவும் இருக்காது. பசிக்கு ஒரு பட்டை, தூக்கத்துக்கு ஒரு பட்டை, சந்தோஷத்துக்கு ஒரு பட்டை. சோறு போட்டால் பட்டை ஏறும், மறந்துவிட்டால் இறங்கும், அவ்வளவுதான். கிரியேச்சர்ஸ் வேறு ரகம். இதில் வரும் நார்ன் என்ற உயிருக்கு மரபணு உண்டு. அந்த மரபணுவிலிருந்து உருவாகும் மூளையும், உடம்பெல்லாம் ஓடும் வேதிப்பொருள்களும் உண்டு. முட்டையிட்டு வம்சம் பெருக்கும்போது மரபணுக்கள் கலக்கும், சில சமயம் பிழையும், அதாவது சடுதி மாற்றமும், நேரும். அந்தப் பிழையை நாமே கோப்பைத் திறந்து, எந்த எண் மாறியது என்று விரல் வைத்துக் காட்டலாம். எனக்கு இந்த விளையாட்டைப் பிடிப்பதற்கு முதல் காரணம் அதுதான். இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

முதல் கிரியேச்சர்ஸ் 1996இல் இங்கிலாந்தின் மில்லேனியம் இன்டராக்டிவ் நிறுவனத்திலிருந்து வந்தது. உருவாக்கியவர் ஸ்டீவ் கிராண்ட். அப்புறம் 1998இல் இரண்டாவது, 1999இல் மூன்றாவது. 2001இல் இணையம் வழியாக நார்ன்களை அனுப்பிக்கொள்ள வசதியோடு டாக்கிங் ஸ்டேஷன் இலவசமாக வெளியானது. மூன்றாவதும் டாக்கிங் ஸ்டேஷனும் சேர்ந்த எக்ஸோடஸ் தொகுப்பைத்தான் நான் வைத்திருக்கிறேன். ஷீ என்ற இனம் விட்டுப்போன ஒரு விண்கலம்தான் களம். நார்ன்களுக்கு ஒரு பகுதி, கிரெண்டல் என்ற முரட்டு இனத்துக்கு ஒரு காடு, எட்டின் என்ற இன்னோர் இனத்துக்கு ஒரு பாலைவனம், ஒரு கடல் என்று பிரிந்து கிடக்கும். நார்னுக்கு நாம் உத்தரவு போட முடியாது. தட்டிக் கொடுக்கலாம், அடிக்கலாம், வார்த்தை கற்றுக் கொடுக்கலாம். மற்றபடி அது பாட்டுக்கு வாழும்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். சடுதி மாற்றம் என்ற பாடம் வரும்போதெல்லாம் கதிர் அரிவாள் ரத்தசோகையைத்தான் உதாரணம் சொல்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலைன் வந்து உட்கார்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் சிவப்பணுவின் உருவமே வளைகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரு சிறு மாற்றம் எப்படிப் படிப்படியாக நடத்தை வரை வந்து சேர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வழி கிடையாது. அந்த இடத்தில்தான் எனக்குச் செவ்வந்தி உதவினாள்.

செவ்வந்தி என் விண்கலத்தில் பிறந்த பெண் நார்ன். அம்மா சிவெட் வகை, அப்பா புரூயின் வகை. நிறம் கொஞ்சம் ஆரஞ்சாக இருந்ததால் அந்தப் பெயர். முட்டையிலிருந்து வந்ததுமே தும்ம ஆரம்பித்தாள். மூன்றாவது விளையாட்டில் நோய்க்கிருமிகள் உண்டு, நார்ன் தும்முவதும் இருமுவதும் சாதாரணம். அதனால் முதலில் தொற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். உடம்பில் உள்ள வேதிப்பொருள்களைக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்தேன். கிருமி புகுந்தால் உடம்பில் காணப்படும் ஆன்டிஜென் எதுவுமே இல்லை. தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமினும் இல்லை. ஆனால் தும்மல் மட்டும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கவனித்ததில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தனியாக இருக்கும்போது தும்முகிறாள். வேறு நார்ன் பக்கத்தில் வந்து சேர்ந்தால் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. கூட்டத்தில் இருக்கும்போது தும்மலே இல்லை. அவளைத் தனி அறையில் விட்டுப் பார்த்தேன், தும்மல் திரும்பியது. தோழி ஒருத்தியை உள்ளே விட்டேன், அடங்கியது.

இந்த விளையாட்டின் உள்கட்டமைப்பு தெரிந்தால் இது ஏன் என்று ஊகிக்கலாம். நார்னுக்குப் பசி, வலி, பயம், தனிமை எல்லாமே வேதிப்பொருள்கள். தனிமை கூடினால் ‘தனிமை’ என்ற வேதிப்பொருளின் அளவு ரத்தத்தில் கூடும். மறுபக்கம், தும்மல் என்பது தன்னிச்சையற்ற ஒரு செயல். அதை இயக்குவது ஓர் ஏற்பி, அதாவது ஒரு வேதிப்பொருளின் அளவைக் கவனித்துச் செயலைத் தூண்டும் பகுதி. அந்த ஏற்பியை விவரிக்கும் மரபணுவில் சில எண்கள் இருக்கும்: எந்த உறுப்பில் அது உட்கார்ந்திருக்கிறது, எதை இயக்குகிறது, எந்த வேதிப்பொருளைக் கவனிக்கிறது, எந்த அளவைத் தாண்டினால் விழித்துக்கொள்கிறது, எவ்வளவு வலுவாக. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஒரு பைட், அவ்வளவுதான்.

செவ்வந்தியின் மரபணுக் கோப்பையும் பெற்றோர் இருவரின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இதற்கென்றே ரசிகர்கள் எழுதிய கருவிகள் இருக்கின்றன. நிறமி மரபணு ஒன்றில் சின்ன வித்தியாசம், அவளுடைய ஆரஞ்சுக்கு அது காரணமாக இருக்கலாம். தும்மல் ஏற்பியில் வேதிப்பொருளின் எண் மாறியிருந்தது. பெற்றோர் இருவரிடமும் அந்த இடத்தில் ஹிஸ்டமின். இவளிடம் தனிமை. மரபணுவின் மற்ற எண்கள் அப்படியே இருந்தன.

சரி, இது உண்மையிலேயே காரணம்தானா என்று உறுதி செய்ய ஒரு சோதனை பாக்கி இருந்தது. அந்த ஏற்பி இப்போது ஹிஸ்டமினைக் கவனிக்கவில்லை என்றால், நிஜமாகவே நோய் வந்தாலும் அவள் தும்மக் கூடாது. கிருமிகள் மிதக்கும் பக்கம் அவளை அழைத்துப் போனேன், கூடவே ஒரு துணையோடு. ஆன்டிஜென் ஏறியது, ஹிஸ்டமின் ஏறியது. ஒரு தும்மல் கூட இல்லை. கூட வந்த துணைதான் விடாமல் தும்மியது. எத்தனையோ வருடம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக் காட்டிய ஒரு சங்கிலி முழுதும், பைட்டிலிருந்து ஏற்பி, ஏற்பியிலிருந்து செயல், செயலிலிருந்து வாழ்க்கை என்று என் எதிரே நடந்தது. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தைச் சாதாரண விளையாட்டு எதுவும் தந்ததில்லை.

வாழ்க்கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், தும்மல் வந்தால் நார்ன் செய்துகொண்டிருந்த வேலை அறுந்துபோகும். பழத்தை நோக்கி நடக்கும்போது தும்மினால் நடை நிற்கும். செவ்வந்தி தனியாக இருந்தபோது சாப்பாட்டுக்கே திணறினாள், மெலிந்தாள். கூட்டத்தில் விட்டால் நன்றாக இருந்தாள். ஒரே மரபணு ஒரு சூழலில் கெடுதல், இன்னொரு சூழலில் ஒன்றுமே இல்லை. பரிணாமப் பாடத்தில் ‘தகுதி’ என்பது சூழலைப் பொறுத்தது என்று எழுதிப் போடுவோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

இதெல்லாம் சாத்தியமாவதற்குக் காரணம் வடிவமைப்பில் உள்ள நேர்மை. 1997இல் கிராண்டும், டேவ் கிளிஃபும், அனில் மல்ஹோத்ராவும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முதல் விளையாட்டின் அமைப்பு விளக்கப்பட்டிருக்கிறது. அந்த நார்னுக்குச் சுமார் 320 மரபணுக்கள். மூளையில் 9 மடல்கள், ஏறத்தாழ 1000 நரம்பணுக்கள், 5000 இணைப்புகள். மரபணுத்தொகுதி என்பது பைட்டுகளின் ஒரு வரிசை, நடுவில் நிறுத்தற்குறி மாதிரி பிரிப்பான்கள். இனப்பெருக்கத்தின்போது மரபணு எல்லைகளில் வெட்டி ஒட்டுவார்கள், அதாவது குறுக்கேற்றம். வெட்டுவதில் பிழை வந்தால் ஒரு மரபணு விடுபடலாம், அல்லது இரண்டாகலாம். அது போக அங்கங்கே எண்கள் மாறும். எந்த எண் எப்படி மாறினாலும் நிரல் உடைந்து நிற்காதபடி எழுதியிருக்கிறார்கள். நார்ன் சாகலாம், விளையாட்டு சாகாது. இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது நிரல் எழுதுபவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு தலைப்பகுதி உண்டு. இது விடுபடலாமா, இரட்டிக்கலாமா, மாறலாமா என்று அதில் குறித்திருக்கும். உயிருக்கு அத்தியாவசியமானவற்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இது ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூட்டாமல் விட்டால் முட்டைக்கு முட்டை செத்துப் பிறக்கும், பார்ப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது. தலைப்பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது, மரபணு எந்த வயதில் விழிக்க வேண்டும் என்பது. முதுமையில் விழிக்கும் மரபணுவில் பிழை வந்தால், அதற்குள் அந்த நார்ன் முட்டையெல்லாம் இட்டு முடித்திருக்கும். பிழை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நமக்கெல்லாம் வயதான பிறகு வரும் பல கோளாறுகளுக்குப் பின்னால் இதே தர்க்கம் இருக்கிறது.

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. மூன்றாவது விளையாட்டில், குட்டிகளுக்கு எவ்வளவு சடுதி மாற்றம் நேர வேண்டும் என்பதையே தாய் தகப்பனின் உடல் வேதியியலோடு இணைக்க முடியும். அதற்கும் ஏற்பிக்கான இடம் இருக்கிறது. பிழையின் அளவே மரபணுவின் கையில் இருக்கும்போது, அந்த அளவும் பரிணமிக்கலாம். வீட்டுக் கணினிக்கென்று எழுதிய ஒரு விளையாட்டில் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள்.

மற்றச் சடுதி மாற்றங்களையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நிறம் மாறுவதுதான் முதலில் கண்ணில் படும், ஆனால் அதில் சுவாரசியம் குறைவு. நடை மரபணு மாறினால் ஒரு மாதிரி நொண்டுவது போல் நடக்கும். வேதிப்பொருள்கள் எவ்வளவு வேகமாகக் கரைய வேண்டும் என்று சொல்லும் அரைவாழ்வு எண்கள் மாறினால் விளைவு பெரிதாக இருக்கும். வயதை நிர்ணயிக்கும் வேதிப்பொருள் சீக்கிரம் கரைந்தால் குழந்தை சட்டென்று கிழடாகும், கரையாமல் போனால் முதுமையால் சாவே வராது. உறுப்பு விஷயம் இன்னும் நுட்பம். கோப்பில் ஓர் உறுப்பின் மரபணுவுக்குப் பின்னால் வரிசையாக வரும் வேதியியல் மரபணுக்கள் எல்லாம் அந்த உறுப்பைச் சேர்ந்தவை. அந்த உறுப்பு மரபணு விடுபட்டால், பின்னால் வருபவை முந்தைய உறுப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ஒரு நார்ன் திடீரென்று நோயில் விழுந்தால் இதையும் பார்க்க வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். ஆசிரியையாக எனக்குப் பெரிய குறை, நார்ன்கள் ஒற்றைமயம். ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ ஒன்றுதான் வரும். ஒடுங்கு பண்பு கிடையாது, வெளியே தெரியாமல் கடத்துபவர் கிடையாது, மெண்டலின் 3:1 விகிதம் இங்கே வராது. செவ்வந்தியின் பிள்ளைகளில் அந்த ஏற்பி வந்தவை தும்மின, வராதவை தும்மவில்லை, நடுவில் எதுவும் இல்லை. மெண்டல் பாடத்துக்கு இந்த விளையாட்டை யாரும் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டாம், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். சடுதி மாற்றத்துக்கும் இயற்கைத் தேர்வுக்கும் தாராளமாகக் காட்டலாம்.

இரண்டாவது குறை கருவிகள். விளையாட்டுக்குள்ளே மரபணுவைப் படிக்க வழி கிடையாது. அதற்கு ஜெனிடிக்ஸ் கிட் என்ற தனி நிரல் வேண்டும். அது அட்டவணை மாதிரி எண்களைக் கொட்டும், எந்த எண் எதற்கு என்று நாம்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாமே ஆங்கிலத்தில். உயிரியல் அடிப்படை இல்லாதவர் முதல் வாரத்திலேயே களைத்துப்போவார். நார்ன்களுக்கு வார்த்தை கற்றுக் கொடுப்பதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. படங்கள் அந்தக் காலத்தவை, ஆனாலும் பின்னணி ஓவியங்கள் இன்றைக்கும் அழகாகவே இருக்கின்றன.

மூன்றாவது விஷயம் குறையா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். கெட்ட சடுதி மாற்றத்தோடு பிறந்த நார்ன் கஷ்டப்படும், அதைப் பார்க்க மனசு கேட்காது. சிலர் வுல்ஃப்லிங் ரன் என்று செய்வார்கள். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கை வைக்காமல், யார் பிழைக்கிறார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பது. தேர்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய இதுதான் சரியான வழி, நானும் செய்திருக்கிறேன். செவ்வந்தியை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணையக் கடைகளில் எக்ஸோடஸ் கிடைக்கிறது, முதல் இரண்டு விளையாட்டுகள் ஆல்பியன் இயர்ஸ் என்ற பெயரில் தனியாக இருக்கின்றன. மரபணு ஆராய்ச்சிக்கு எக்ஸோடஸ்தான் என் சிபாரிசு, அதில் உறுப்புகளும் நோய் எதிர்ப்பும் விரிவாக இருக்கின்றன. பொழுதுபோக்குக்கு அழகான பிராணி வேண்டும் என்றால் வேறு நிறைய இருக்கின்றன, இதில் பணம் போட வேண்டாம். வாங்கினால் முதல் நாளே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஜோடியும் முட்டையிட்டதும் தாய் தகப்பன் இருவரின் மரபணுக் கோப்பையும் வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நார்னுக்கும் விளையாட்டே ஒரு தனி அடையாளப் பெயர் கொடுக்கிறது, அதில் முதல் எண் தலைமுறையைச் சொல்லும். கோப்புக்கும் அதே பெயர்தான், தேடுவது சுலபம். குட்டி விசித்திரமாக நடந்துகொண்டால் பெற்றோர் கோப்பு கையில் இருந்தால்தான் எது மாறியது என்று பார்க்க முடியும்.