விலைகொடுத்து வாங்கிய இறுவட்டு மட்டும் ஓடவில்லை

"மச்சான், உன்ர பழைய கேம் எல்லாம் விண்டோஸ் 11ல ஓடுதோ? ஓடுமெண்டா நானும் வெளியில கொழுவுற டிவிடி டிரைவ் ஒண்டு வாங்கப்போறன்" என்று வெள்ளவத்தையிலிருந்து நண்பன் கேட்டான். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் மடிக்கணினியை நான் 11க்கு மாற்றினேன். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய டிரைவும் என்னிடம் இருக்கிறது.

1990இல், விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான டொஸ் ஓடிய கணினிகளுக்கு வந்த பிரின்ஸ் ஒஃப் பெர்சியா, டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடுகிறது. டொஸ்பொக்ஸ் பழைய செயலியையும் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையையும் மென்பொருளாலேயே உருவாக்கிக் கொடுப்பதால், தனக்குக் கீழே எந்த விண்டோஸ் இருக்கிறது என்பது அந்த விளையாட்டுக்குத் தெரிவதே இல்லை. ஓட்டம் மந்தமானால் கொன்ட்ரோல் விசையுடன் எஃப்12ஐயும், மிஞ்சினால் எஃப்11ஐயும் அழுத்தினால் போதும். இளவரசியை மீட்க அதே அறுபது நிமிடங்கள்தான்; எனக்கு இப்போதும் அவை போதுவதில்லை.

1999இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 இவ்வளவு சாதுவானதல்ல. விண்டோஸ் 7இல் புல் ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் மாறிவிடும். விளையாட்டு நம்பியிருந்த 256 நிறப் பட்டியலில் வேறு நிரல்கள் கைவைத்ததே காரணம். திரைத் தெளிவுத்திறன் அமைப்புச் சாளரத்தைப் பின்னால் திறந்து வைத்தால் நிறங்கள் சரியாகிவிடும் என்ற வினோத வைத்தியத்தை நானும் பல மாதங்கள் செய்தேன். இப்போது சிஎன்சி-டிடிரோ என்ற சிறு கோப்பை விளையாட்டின் கோப்புறையில் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

என் கோபமெல்லாம் கனடாவிலிருந்து மாமா பெட்டியோடு கொண்டுவந்து தந்த கார்ப் பந்தய விளையாட்டின் மேல்தான். என்னிடம் இருக்கும் ஒரே அசல் இறுவட்டு அதுவே. அதில் இருக்கும் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு, விண்டோஸின் மையப்பகுதியில் இயங்கும் டிரைவர் என்ற ஒரு சிறு நிரலை நம்பியே இறுவட்டு அசலா என்று பார்க்கும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தன. ஆகவே 2015இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்க்கவில்லை, அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த இற்றைப்படுத்தல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. அதைச் செய்தது சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் காலி வீதிக் கடையொன்றில் பூட்டை உடைத்து எழுதித் தந்த அதே விளையாட்டின் நகல் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓடும்போது, கண்ணாடிபோல் வைத்திருந்த அசல் இறுவட்டு டிரைவுக்குள் சுழன்று சுழன்று அமைதியாகிவிடுவதை எப்படிப் பொறுப்பது? மாமா கேட்டால் ஓடுகிறது என்றே சொல்கிறேன்.

வேறு சில இறுவட்டுகளில் விளையாட்டு 32 பிட் ஆனாலும், அதைக் கணினியில் பதியும் நிறுவி இன்னும் பழைய 16 பிட் வகையாக இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே மாட்டாது, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பும் இல்லை.

பத்தில் ஏழு விளையாட்டுகள் என்னிடம் ஓடுகின்றன. இருந்தாலும் நண்பனுக்கு என் பதில், டிரைவ் வாங்காதே என்பதுதான். ஆசையாக இருந்தால் என்னுடையதையே எடுத்துக்கொள்ளட்டும். பெர்சிய இளவரசனுக்கு அது தேவையில்லை.