மரியோ கார்ட்டா, கிராஷா: வீட்டில் நாலு பேர் ஆடினால் எது?

போன மே விடுமுறைக்கு ஆத்தூரிலிருந்து அண்ணன் பிள்ளைகள் இருவரும் சேலத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். பையனுக்கு 15 வயது, பெண்ணுக்கு 12. என் மகளுக்கு 8. வெளியே கால் வைக்க முடியாத வெயில். ஹாலில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி ஒன்று, அதில் கார்ட் ரேஸ் கேம் இரண்டு: 2017-ல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ், 2019-ல் வந்த கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃபியூல்டு. இரண்டையும் மாற்றி மாற்றி ஆடித் தீர்த்தோம். நான் மரியோ பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம், இசை, வண்டிகள் எல்லாம் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. திரையைப் பிரித்து நாலு பேர் ஆடலாம் என்பதும் இரண்டிலும் உண்டு. மரியோவில் 48 தடங்கள். காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்போடு சேர்த்தால் 96. இதை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை.

கிராஷ் முழுக்க முழுக்கக் கைத்திறமை. வளைவில் ஒரு குதி குதித்து, கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் தோள் பட்டனை அழுத்தியபடி வண்டியைச் சறுக்க வேண்டும். புகை கறுக்கும் நொடியில் மறு தோள் பட்டனைத் தட்டினால் வேகம் கிடைக்கும். ஒரே சறுக்கலில் இப்படி மூன்று முறை. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் டிரைவருக்கு ஸ்டியரிங்கை எங்கே ஒடிக்க வேண்டும் என்று கை தானாகச் சொல்லுமே, அந்த மாதிரிப் பழக்கம் வர வேண்டும். அண்ணன் மகனுக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. சேர்த்து வைத்த வேகத்தை விடாமல் ரவுண்டு முழுக்க இழுத்துக்கொண்டு போகிற வித்தையையும் பிடித்துவிட்டான்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. நாலாம் நாளிலிருந்து அவன் அரை ரவுண்டு முன்னால், நான் நடுவில், பெண்கள் இருவரும் கடைசியில். கிராஷிலும் ஐட்டம் (ஓடும் வழியில் பெட்டியைத் தொட்டால் கிடைக்கிற ஆயுதம், உதவிப் பொருள்) உண்டு, முதல் ஆளைத் தேடிப் போய் அடிக்கிற உருண்டையும் உண்டு. ஆனால் அடிபட்டு எழுந்த பிறகும் அவன்தான் முதல். இரண்டாவது ரவுண்டிலேயே என் மகள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ஆடுங்கப்பா, நான் பாக்குறேன்" என்றாள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். கடைசியில் இருப்பவர் கன்ட்ரோலரை வைத்துவிடுகிறாரா, கையிலேயே வைத்திருக்கிறாரா? வீட்டுக்கு ஒரு கேம் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இதைத்தான்.

மரியோவில் அவள் ஒருநாளும் வைக்கவில்லை. காரணம் ஐட்டம் பெட்டி. முதல் ஆளிடமிருந்து எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறோமோ, அதற்கேற்ற பொருள்தான் வரும். முன்னால் போகிறவனுக்குக் காசும் வாழைப்பழத் தோலும். பின்னால் வருகிறவருக்கு நட்சத்திரம், மின்னல், தானே ஓடும் புல்லட். ஒருநாள் மதியம், கடைசி ரவுண்டு, அவள் பதினோராவது இடம். பெட்டியைத் தொட்டாள், புல்லட். பாய்விரிப்பிலிருந்து முழங்காலில் எழுந்து நின்றுவிட்டாள். புல்லட் இறக்கிவிட்டபோது ஐந்தாவது. அதே நேரம் யாரோ விட்ட நீல ஓடு, அதாவது முதல் ஆளைத் தேடிப் போய் அடிக்கிற நீல ஆமை ஓடு, அண்ணன் மகன் தலைக்கு மேல் சுற்றி இறங்கியது. அவள் முடித்தது நான்காவது இடம்தான், ஆனால் அன்றைக்கு மாலை தட்டுவடை செட் சாப்பிடும்போதும் அந்தப் பேச்சுதான்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று அண்ணன் மகன் சண்டை பிடித்தான். "இது அநியாயம் சித்தப்பா, நல்லா ஓட்டுனவனுக்கு அடி!" அவன் கோபம் நியாயமானதுதான். ஆனால் நன்றாக ஓட்டுகிறவனுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது. ஹாரன் கிடைத்தால் சும்மா அடித்துத் தீர்க்காமல் வைத்திருந்தால் நீல ஓட்டையே உடைக்கலாம். வாழைப்பழத் தோலை வண்டிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் பின்னாலிருந்து வரும் ஓட்டைத் தடுக்கும். சறுக்கலை நீட்டினால் பொறி நீலம், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று மாறும், நிறம் மாற மாறக் கிடைக்கும் வேகமும் கூடும். மகள் வைத்திருக்கும் ஸ்மார்ட் ஸ்டியரிங் (வண்டி தடத்தை விட்டு வெளியே போகாமல் கேமே திருப்பிவிடும் வசதி) உதவியோடு அந்தக் கடைசி நிறம் வராது. அப்புறம், கோப்பை என்பது நாலு ரேஸ். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12, நான்காமிடத்துக்கு 9. ஒரு நீல ஓடு அவனை நான்காவதாகத் தள்ளினாலும் ஆறு புள்ளிதான் நஷ்டம். மீதி மூன்று ரேஸில் எடுத்துவிடுவான். எடுத்தான். நாங்கள் ஆடிய கோப்பைகளில் பெரும்பாலானவை அவனுக்கே. ஒரு ரேஸை யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், கோப்பையைத் திறமைசாலி ஜெயிக்கிறான். வீட்டு ஆட்டத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

தனியாக ஆடுவதென்றால் பேச்சே வேறு. பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் போடுவது கிராஷைத்தான். நேரத்தோடு மட்டும் போட்டி போடும் டைம் ட்ரையலில், முன்பு பதிவான ஓட்டத்தை அப்படியே ஓட்டிக் காட்டும் பேய் வண்டியைத் துரத்தும்போது ஒவ்வொரு தப்பும் என் தப்பு என்று தெளிவாகத் தெரிகிறது. ஒரே தடத்தில் ஒரு மணி நேரம் போனதே தெரியாது. ஆன்லைனில் இரண்டையும் நான் ஆடியது கொஞ்சம்தான், அதனால் அதைப் பற்றி என் பேச்சை நம்பி வாங்க வேண்டாம். ஒரே வயதுக்காரர்கள், ஒரே அளவு கை பழகியவர்கள் நாலு பேர் என்றால் கிராஷே ஜெயிக்கலாம்.

மரியோவில் நீல ஓடு பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2022 டிசம்பர் அப்டேட்டிலிருந்து, கோப்பை இல்லாத தனி ரேஸ்களில் எந்த ஐட்டம் வர வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். நானும் அண்ணன் மகனும் மட்டும் ஆடும்போது நீல ஓட்டையும் மின்னலையும் எடுத்துவிடுவோம். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அவன்தான் முதலில் செட்டிங்கைத் திறந்து இரண்டையும் திரும்பச் சேர்ப்பான்.