சிக்னல் முழுதாக இருக்கிறது, பக்கம்தான் திறக்கவில்லை: ஒரு மடக்கு போன் மதிப்புரை

மடக்கு போனில் இணையம் வருமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரும். தாராளமாக வரும். வந்த இணையத்தை அந்தச் சின்னத் திரையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். பகல் முழுவதும் அச்சுக்குப் போகும் பக்கங்களில் ஒற்று மிகுந்திருக்கிறதா, சுழி சரியா என்று துழாவுவதுதான் பிழைப்பு. வேலை நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தொடுதிரை வேண்டாம் என்று முடிவெடுத்து, பொத்தான் வைத்த 4ஜி மடக்கு போன் ஒன்றை வாங்கினேன். 2.8 அங்குலத் திரை, 240க்கு 320 புள்ளிகள், 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பிடம், கழற்றி மாட்டக்கூடிய 1500 எம்ஏஎச் பேட்டரி, உள்ளே கைஓஎஸ் இயங்குதளம். தயாரித்தவர்களின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஏறக்குறைய இதே உள்ளுறுப்புகளுடன் வேறு வேறு பெயர்களில் போன்கள் வந்துகொண்டிருக்கின்றன. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

சிம்மைப் போட்டவுடன் பேச முடிந்தது, குறுஞ்செய்தி போனது, இணையம் மட்டும் எட்டிப்பார்க்கவில்லை. காரணம் ஏபிஎன். நம் போன் எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் நுழைய வேண்டும் என்பதைச் சேவை நிறுவனம் ஒரு பெயரால் குறிக்கும். அந்தப் பெயர் போனில் பதிவாகியிருக்க வேண்டும். தொடுதிரை போன்கள் சிம்மைப் பார்த்ததுமே பெரும்பாலும் அதைத் தாமாகப் போட்டுக்கொள்ளும். முன்பெல்லாம் சாதாரண போன்களுக்குச் சேவை நிறுவனமே ஓர் அமைப்புச் செய்தியை அனுப்பும். 'சேமி' என்று அழுத்தினால் வேலை முடிந்தது. இதில் இரண்டும் நடக்கவில்லை. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் போய், மொபைல் டேட்டாவின் கீழே ஏபிஎன் பட்டியலைத் தேடி, பெயரை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியிருந்தது. இடைவெளி விழுந்துவிடக் கூடாது, புள்ளி விட்டுப்போகக் கூடாது. என் தொழிலுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுவதுபோல. ஆனால் கண் மங்கிய பெரியவர் ஒருவருக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், இந்த வேலையை நீங்களே முடித்துவிட்டுக் கையில் கொடுங்கள். சேமித்த பிறகு அந்தப் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். சேமித்தால் போதும் என்று நினைத்துப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

டேட்டாவை அணைத்துவைத்தால் அழைப்பு வருமா என்பது அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது. வரும். 4ஜியில் குரலும் தரவாகத்தான் போகிறது என்றாலும், வோல்ட்டி எனப்படும் அந்த 4ஜி குரல் அழைப்புக்குத் தனிப் பாதை இருக்கிறது. மொபைல் டேட்டா பொத்தான் அதைத் தொடுவதில்லை. படம் இணைத்த எம்எம்எஸ் மட்டும் பல நெட்வொர்க்குகளில் டேட்டா இல்லாமல் இறங்காது.

இப்போது உலாவிக்கு வருகிறேன்.

இந்தப் போன்களில் பரவலாக இருக்கும் குவால்காம் 205 சில்லு 2017இல் வெளிவந்தது. காகிதக் கணக்கில் விநாடிக்கு 150 மெகாபிட் வேகத்தில் தரவை இறக்க வல்லது. ஆகவே வேகக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் மேலே நீலக்கோடு ஓடுகிறது, நிற்கிறது, வெள்ளைத் திரை வருகிறது. சிக்னல் பட்டைகள் நிறைந்து நிற்கின்றன. இதைப் பார்த்துவிட்டு "நெட் ஸ்லோ" என்று சேவை நிறுவனத்தைத் திட்டுபவர்கள்தான் அதிகம். அவர்கள் மேல் குற்றமில்லை.

குற்றம் வயதில் இருக்கிறது. மோசில்லா நிறுவனம் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற பெயரில் ஒரு கைபேசி இயங்குதளத்தை உருவாக்கி, 2013இல் முதல் போன்களை வெளிவரச் செய்து, 2015 கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டது. அதன் கிளையிலிருந்து 2017இல் வந்ததுதான் கைஓஎஸ். என் போனில் இருக்கும் 2.5 வரிசைப் பதிப்புக்கு அடியில் ஓடுவது, பக்கங்களை வரைந்துகாட்டும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 48ஆம் பதிப்பு எந்திரம். அது 2016ஆம் ஆண்டுச் சரக்கு. இன்றைய இணையதளங்கள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் பிறகு எத்தனையோ படி ஏறிவிட்டது. உலாவிக்குப் புரியாத ஒரு வரி வந்தால் போதும், அதை நம்பியிருக்கும் பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் போனில் எண்ணை அழுத்தும் திரை, தொடர்புப் பட்டியல், அலாரம் எல்லாமே இணையப் பக்கம் எழுதும் அதே மொழியில் எழுதப்பட்டவை. உள்ளுக்குள் முழுக்க முழுக்க இணையம். வெளி இணையத்தைக் கண்டால்தான் திக்குகிறது.

திறக்கிற பக்கங்களிலும் நடமாட்டம் எளிதல்ல. திசைப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு அம்புக்குறி திரையில் ஊர்கிறது. இணைப்பின் மேல் அதைக் கொண்டுபோய் நிறுத்தி நடுப் பொத்தானை அழுத்த வேண்டும். ஊர்தலுக்குப் பழகிவிடலாம். பழக முடியாதது, குக்கீ சம்மதம் கேட்கும் அந்தக் கட்டம். பெரிய திரைக்கென வரையப்பட்ட கட்டம் இங்கே திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் கீழ் விளிம்புக்கு அப்பால் எங்கோ நிற்கிறது. அம்புக்குறி அதுவரை போகிறது, பக்கம் நகர மறுக்கிறது. எண் பொத்தானால் பக்கத்தைச் சிறிதாக்கினால் சில தளங்களில் தப்பிக்கலாம். மற்றவற்றுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்தால் முதல் பக்கம் நினைவகத்திலிருந்து கழன்றுவிடுகிறது. திரும்பிப் போனால் மீண்டும் முதலிலிருந்து இறங்குகிறது. டேட்டா கரைவதற்கு முக்கிய வழி இதுதான், படம் பார்ப்பதோ பாட்டுக் கேட்பதோ அல்ல.

எவை நன்றாகத் திறக்கின்றன? விக்கிப்பீடியாவின் கைபேசிப் பக்கம், எழுத்து மட்டும் உள்ள வலைப்பதிவுகள், வானிலை, அகராதித் தளங்கள். அலங்காரம் குறையக் குறைய மகிழ்ச்சி கூடுகிறது.

தமிழ் எப்படித் தெரிகிறது என்பதை மற்ற மதிப்புரைகளில் யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஜாவா போன்கள் இருந்த நாளில் தமிழ்ப் பக்கம் என்றாலே கட்டம் கட்டமாகத்தான் வரும். ஓபெரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் 'ஓபெரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்ற வரியில் 'ஆம்' வைத்தால், அவர்களுடைய சர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். அந்த வித்தையைக் காதும் காதும் வைத்ததுபோல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வாசகர் கூட்டம் ஒன்று இருந்தது. இந்தப் போனில் அந்தப் பாடெல்லாம் இல்லை. கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன, உயிர்மெய் உடையவில்லை.

ஆனால் அளவு. இயல்பான அளவில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்குக் கிடைப்பது திரையின் ஒரே ஒரு படப்புள்ளி. வெள்ளைப் பின்னணியில் அது சில சமயம் கரைந்தே போகிறது. மூன்று சுழி 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு சுழிபோல் தெரிகின்றன. 'ழு'வையும் 'மு'வையும் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. சும்மா செய்தி படிப்பவருக்கு இது உறைக்காது, கண் தானே சரிசெய்துகொள்ளும். இதில் மெய்ப்புப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் கூடவே கூடாது என்பேன். தமிழில் தட்டச்சு செய்யவும் பொறுமை வேண்டும்: ஒரே பொத்தானில் பல எழுத்துகள் அடுக்கப்பட்டிருப்பதால், வரிசையின் கடைசியில் நிற்கும் எழுத்துக்கு விரல் தாளம் போட வேண்டும். 'சரி', 'வருகிறேன்' என்ற அளவில் என் பதில்கள் சுருங்கிவிட்டன. யாரும் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பை நம்பி இந்தவகைப் போன்களை வாங்காதீர்கள். 2019இல் கைஓஎஸ் கடையில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய அந்தச் செயலி, 2024இல் கடையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பழைய விளம்பரப் படங்களில் அதன் சின்னம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. வங்கிச் செயலிகள் பக்கமும் போக வேண்டாம். ஓடிபி குறுஞ்செய்தி மட்டும் ஒழுங்காக வரும். மின்னஞ்சல் வேலை செய்கிறது. கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்து, தனிச் செயலிக் கடவுச்சொல் உருவாக்கினால் 16 எழுத்துகள் தருவார்கள். அதைப் பொத்தானில் அடித்து முடிக்கும்போது இனி இந்தக் கணக்கை நீக்கவே மாட்டேன் என்ற உறுதி தானாகப் பிறக்கும்.

இவ்வளவு புலம்பிவிட்டு இந்தப் போனைத் திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம் ஹாட்ஸ்பாட், அதாவது போனின் இணையத்தை வைஃபையாக மற்றக் கருவிகளுக்குப் பகிரும் வசதி.

நான் மேலே சொன்ன இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். உலாவிக்கு வயதாகிவிட்டது, மோடத்துக்கு ஆகவில்லை. பக்கத்தை வரையும் வேலையை மடிக்கணினியிடம் விட்டுவிட்டு, தரவைக் கொண்டுவரும் வேலையை மட்டும் போனிடம் கொடுத்தால், இதே கருவி வேறொன்றாகிவிடுகிறது. அச்சகத்திலிருந்து வரும் கனமான பிடிஎஃப் கோப்புகளை இதன் வழியாகத்தான் இறக்குகிறேன். மூடியை மூடினாலும் இணைப்பு அறுவதில்லை. மூடிவைத்து மேசை ஓரத்தில் போட்டுவிடலாம். என் தங்கை மகள் ஒருநாள், "பெரியம்மா, இந்த டப்பாவிலிருந்தா வைஃபை வருகிறது?" என்று கேட்டுவிட்டு, தன் படிப்புக்கான காணொளியை அதிலேயே கடைசிவரை பார்த்தாள். எங்கும் நின்றுநின்று வரவில்லை.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. முதலில், கடவுச்சொல்லை மாற்றுங்கள். இரண்டாவது, மடிக்கணினிக்கு இது டேட்டா என்று தெரியாது. வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு பெரிய பெரிய புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும். விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளுக்குள் போய் 'மீட்டர் இணைப்பு' என்று குறித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். போனிலும் டேட்டா பயன்பாட்டுக் கணக்கும், அளவைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதியும் இருக்கின்றன. செயலிக் கடையும் மென்பொருள் புதுப்பிப்பும் நாம் கேட்காமலே எட்டிப் பார்ப்பவை. தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவைத்தேன்.

ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சுடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால் இன்னொரு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். கழற்றி மாட்டுவதில் ஒரு வினோதம்: மாற்றிய பிறகு சில சமயம் போனின் தேதி பழைய ஆண்டு ஒன்றுக்குப் போய்விடுகிறது. உடனே ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த தளங்கள்கூட 'இந்த இணைப்பு பாதுகாப்பற்றது' என்று கதவடைக்கின்றன. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு; போன் வேறு ஆண்டில் இருந்தால் எந்தச் சான்றிதழும் அதன் கணக்கில் செல்லாது. தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும். தேதி சரியாக இருந்தும் ஒரு தளம் மறுத்தால், அது வேறு நோய். இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானது) ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது; புதிய மூலச் சான்றிதழ் ஏற்றப்படாத பழைய கருவிகள் பல அன்று முதல் எத்தனையோ தளங்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றன. தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்பினால் உண்டு. என் போனுக்கு அப்படி எதுவும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன், போனை அணைத்துப் போடுங்கள் என்று பதில் வந்தது.

வாங்கப் போகிறவர்கள் 4ஜி என்ற எழுத்தை மட்டும் பார்த்து நிற்க வேண்டாம். உங்கள் சேவை நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகள் அந்த மாடலில் உண்டா, அந்த மாடலுக்கு வோல்ட்டி அழைப்பை அவர்கள் அனுமதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய 2ஜி, 3ஜி கோபுரங்கள் மூடப்பட்டுவரும் இடங்களில் வோல்ட்டி இல்லாத 4ஜி போன் இணையம் தரும், பேச விடாது. கைஓஎஸ் என்றால் பதிப்பு எண்ணையும் பாருங்கள்: 3.0இல் உள்ளே இருப்பது ஃபயர்ஃபாக்ஸ் 84இன் எந்திரம், நான் மேலே அழுத வெள்ளைத் திரைகள் அதில் குறையும். ஹாட்ஸ்பாட் வசதி சில மலிவு மாடல்களில் கிடையாது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கடையிலேயே அமைப்புகளைத் திறந்து, உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.